ஆர்ம் தூக்காத ஒன்பது மாதம்

மில் நின்ற அன்று யாரும் அழவில்லை. அழுகிற அளவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ராத்திரி ஷிப்டை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். குடோனில் நூல் மூட்டை கூரை வரை ஏறி, இடம் பற்றாமல் சைக்கிள் ஸ்டாண்டிலும் தார்ப்பாயைப் போட்டு அடுக்கியாகிவிட்டது. வாங்க ஆள் இல்லை. ஆகவே "ஒரு வாரம் விடுமுறை, அடுத்த திங்கள் வேலைக்கு வரவும்" என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டியபோது எங்களில் பாதிப் பேர் அதை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பெண்கள் மில் வேனைப் பிடிக்க ஓடினார்கள். ஆண்கள் டீக்கடைக்குப் போனார்கள். நானும் போனேன். வடை நன்றாக இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

இராஜபாளையத்தில் அந்த மில்லில் நான் ஃபிட்டர். இருபத்தாறு வருஷம். ஸ்பின்னிங் இலாகாவில் பதினெட்டு ரிங் பிரேம்கள்; பஞ்சுத் திரியை இழுத்து, முறுக்கி, நூலாக்குகிற நீள நீளமான மெசின்கள். அவற்றுக்கு உடம்புக்கு வந்தால் பார்க்க வேண்டியவன் நான். வீட்டுக் குழாய் ஒழுகினால் ஆறு மாதம் வேடிக்கை பார்ப்பேன், அது வேறு கதை.

இந்த மெசின்களில் வரிசையாக இரும்புக் கைகள் இருக்கும். ஆர்ம் என்போம். ஒவ்வொரு ஆர்முக்கும் அடியில் ரப்பர் போர்த்திய சின்ன உருளைகள். ஆர்ம் அவற்றை ஸ்பிரிங் பலத்தில் கீழே இருக்கும் இரும்பு உருளைகள் மேல் அமுக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில்தான் திரி மெலிந்து நூலாகிறது. மெசின் ஓடுகிறவரை ஒரு பிரச்சினையும் இல்லை. மெசின் நின்றுவிட்டால் ரப்பர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்கும். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் ரப்பரில் தட்டை விழுந்துவிடும். தட்டை விழுந்த உருளையில் வரும் நூல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, அறுந்து அறுந்து போகும். அதனால் தொடர்ந்து லீவு வந்தால் ஆர்ம்களை எல்லாம் மேலே தூக்கிவிட்டுத்தான் மெசினை விட்டு நகர வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த பாடம் இது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாள் ஸ்பின்னிங் இலாகாவே சேர்ந்து ஆர்ம் தூக்குவோம். ஆயிரக்கணக்கான ஆர்ம். சைடு பார்க்கிற பெண்கள், அதாவது மெசினுக்கு இரு பக்கமும் நடந்து அறுந்த இழையைக் கோர்க்கிறவர்கள், ஒரு வரிசை. நாங்கள் ஒரு வரிசை. யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பந்தயம். பெண்கள்தான் எப்போதும் ஜெயிப்பார்கள். லீவு முடிந்து வந்ததும் இறக்கும் வேலை. முதல் ஆர்மை இறக்க, கைராசிக்காரி என்று பெயர் எடுத்த ஒருத்தியைத்தான் கூப்பிடுவோம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் வேனில் வருகிறவள். பதினைந்து வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். பண்டிகை முடிந்து இரண்டு நாளைக்கு எனக்குத் தோள் வலிக்கும். என் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே, "பொங்கலு தின்ன தோளு இல்ல இது, ஆர்ம் தூக்குன தோளு" என்பாள்.

ஆனால் எங்கள் ரோட்டிலேயே முன்பு ஒரு மில்லில் பண்டிகை எதுவும் இல்லாமல் ஆர்ம் தூக்கினார்கள். இறக்கவே இல்லை. கொஞ்ச நாளில் மெசின்கள் லாரியில் பழைய இரும்புக்குப் போயின. அதிலிருந்து எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. ஒரு மில்லைப் பற்றி "அங்க ஆர்ம் தூக்கியாச்சு" என்றால் அந்த மில்லின் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள்கூட அந்த மில் ஆள் என்றால் யோசித்தார்கள்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இலாகாவுக்கு மேலதிகாரி அவர். "எதுக்கும் ஆர்ம தூக்கி விட்ருங்க" என்றார்.

"ஒரு வாரத்துக்கா சார்? நீங்க வேற. திங்கக்கெழம வந்து எவன் எறக்குறது? நம்ம ஆளுக பார்த்தா வேற என்னமும் நெனைப்பாக."

"உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் அவர் திண்டுக்கல் பக்கம் வேறொரு மில்லுக்குப் போய்விட்டார். பொறுப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. இன்னொரு வாரம் என்றார்கள். பிறகு மாதம் என்றார்கள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. மெசின்களைப் பார்த்துக்கொள்ள என்னையும், கேட்டில் ஒரு வாட்ச்மேனையும் மட்டும் பாதிச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்.

ஒரே மில் நின்றால் ஊர் சமாளித்துவிடும். வரிசையாக நின்றபோது ஊர் மெலிந்தது. மில் கேட் எதிரே இருந்த டீக்கடைக்காரர் பாலைப் பாதியாகக் குறைத்தார், பிறகு காலையில் மட்டும் திறந்தார். சோழபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஷிப்டு நேரத்தில்கூட உட்கார இடம் கிடைத்தது. பைக்குகளின் முன்னால் "விற்பனைக்கு" என்று அட்டை தொங்கியது. பழைய ஆட்களை ரோட்டில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டோம். பேசினால் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்க வேண்டிவரும் அல்லவா? எங்கள் ஷிப்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. காலை வணக்கமும் பூப்படமும் போட்டு உயிரை வாங்குவார்கள். அதிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருவர் கேரளாவுக்கு, ஒருவர் ஓசூருக்கு, ஒருவர் செங்கல் சூளைக்கு. கடைசியில் பூப்படம் போடக்கூட ஆள் இல்லை.

என் மனைவிக்குக் கட்டுத்துணிக் கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் துணியை மடித்துக் கட்டும் வேலை. மூன்றாவது மாதம் அங்கேயும் ஆள் குறைத்தார்கள். அவளுடைய அக்கா கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறார். அங்கே ஓர் இடம் காலி என்று போன் வந்தது. அக்காவுக்கு இருப்பது ஒற்றை அறை வீடு. கல்யாணமாகாத மகளும் அதில்தான். என் மனைவிக்கு ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே யாரை யாரிடம் விடுவது என்ற கவலையும் இல்லை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். பேசி என்ன, அவள் பேசினாள், நான் தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது சொன்னாள்: "மில்லு தொறக்குற அன்னைக்கே வந்துருவேன். நீங்க போன் மட்டும் பண்ணுங்க."

"சரி."

"சட்டியக் கழுவாமப் போட்டு வைக்காதீக. எறும்பு வரும்."

"சரிட்டி, போ."

பஸ் போன பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. மில்லுக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை.

தனியாக இருப்பதைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, ஒரு ஆளுக்கு அரிசி போட வராது என்பதுதான். எப்படிப் போட்டாலும் மிஞ்சியது. மிஞ்சியதை மறுநாள் தின்றால் அன்று சமைக்க வேண்டியதில்லை, சமைக்காவிட்டால் சாயங்காலம் நீண்டுகொண்டே போகும். வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "தின்னாரா?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்பேன். பல நாள் அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும்தான் நான் மனிதரோடு பேசிய பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போவேன்; நாங்கள் கோயில் என்போம். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். அதனால் ஆராதனை முடியும் வரை அவள் இல்லாதது உறைக்காது. அந்தப் பக்கம் எங்கோ பாடிக்கொண்டிருக்கிறாள் என்று இருந்துவிடலாம். செருப்பு விடுகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வேன். வழக்கமாக அவள் வரும்வரை அங்கே நிற்பேன். அவள் ஊருக்குப் போன பிறகும் கால் தானாக அங்கே நின்றது. எல்லாரும் சோடி சோடியாகப் போன பிறகு, ஒற்றைச் சோடிச் செருப்பைப் பார்த்தபடி எதற்கு நிற்கிறோம் என்று புரிந்து வெட்கமாக இருக்கும். சில வாரம் கழித்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ஆளாகக் கிளம்பிவிடப் பழகினேன்.

மில்லில் காலையில் போய் பதினெட்டு மெசினையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். தூசி தட்டுவேன், எண்ணெய் விடுவேன். கரண்டு இணைப்பைத் துண்டித்தாயிற்று. ஆர்ம்கள் இறங்கியே இருந்தன. இன்று தூக்கிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். நான் ஒருவனே செய்தாலும் இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளை நான் ஒன்பது மாதம் செலவு செய்யாமல் வைத்திருந்தேன்.

காரணம் இருந்தது. சனிக்கிழமைகளில் பழைய ஆட்கள் கேட்டுக்கு வருவார்கள். சம்பளப் பாக்கி கேட்கிற மாதிரி வருவார்கள். உண்மையில் வேறொன்றைக் கேட்கத்தான் வருவார்கள். கைராசிக்காரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வருவாள். அவள் புருஷன் சுந்தரபாண்டியத்தில் கூலிக்கு வயல் வேலை பார்ப்பவன். வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையதுதான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: "ஆர்ம் தூக்கலேல்லண்ணே?"

"இல்லம்மா. எறங்கித்தான் இருக்கு."

"அப்பம் தொறந்துருவாக."

அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அது போதும் என்று திரும்பிப் போவாள். என் மனைவியும் போனில் அதையேதான் கேட்பாள். "தூக்கலேல்ல?" இல்லை என்பேன். ஊரில் எனக்கு இருந்த ஒரே நல்ல செய்தி அது. அதைக் கேட்கத்தான் என்னிடம் நாலு பேர் வந்தார்கள். தூக்கிவிட்டால் யார் வருவார்கள்?

ஒரு தடவை தூக்கத் தொடங்கினேன். நாலாவது மாதம் இருக்கும். மனசு கேட்கவில்லை, ஃபிட்டர் மனசு. முதல் மெசினில் ஏழு ஆர்ம் தூக்கியிருப்பேன். பக்கத்து ஜன்னலில் சத்தம் கேட்டது. கைராசிக்காரி அன்று சனிக்கிழமை இல்லாத நாளில் வந்திருக்கிறாள். ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, வேண்டாம்ணே. மூத்தவளக் காலேசுல சேத்துருக்கேன்ணே" என்றாள்.

காலேஜுக்கும் ஆர்முக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சம்பந்தம்தான். ஏழையும் இறக்கினேன். இறக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் மெசினுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தேன், மனிதர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

ஒன்பதாவது மாதம் ஒரு வியாழக்கிழமை முதலாளி போன் செய்தார். ஆஸ்பத்திரித் துணி நெய்கிற பெரிய கம்பெனி ஒன்று நூல் கேட்கிறதாம். முதலில் கொஞ்சம் மாதிரிக்கு அனுப்ப வேண்டும். நூல் சரியாக இருந்தால் வருஷம் முழுக்க ஆர்டர். திங்கட்கிழமை நாலு மெசின் ஓட்ட வேண்டும், புதன்கிழமை அவர்கள் ஆள் வந்து நூலை எடுத்துப் போவார். "கரண்டுக்குப் பணம் கட்டியாச்சு, ஆளுகளக் கூப்பிடுங்க" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். அவருக்கும் தூக்கம் இல்லாமல்தான் இருந்திருக்கும்.

நான் போனை வைத்துவிட்டு நேராக முதல் மெசினுக்குப் போனேன். ஓர் ஆர்மைத் தூக்கி, ரப்பர் உருளையை எடுத்து, கட்டை விரலால் மெதுவாகச் சுற்றித் தடவினேன். தட்டை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அடுத்த மெசினுக்குப் போனேன். பதினெட்டிலும் பார்த்தேன். சிலதில் நகத்தை வைத்தால் நிற்கிற அளவுக்குப் பள்ளம்.

ரப்பரைச் சீவி வட்டமாக்க ஒரு சாணை மெசின் எங்களிடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்தான், சும்மா கிடக்கிற சாமான் என்று இன்னும் சிலவற்றோடு சேர்த்து அதையும் விற்றார்கள். லாரியில் ஏற்றியதே நான்தான். புது ரப்பர் வாங்குகிற நிலையில் முதலாளி இல்லை. வெளியே கொடுத்துச் சீவி வாங்க நாலு நாள் போதாது.

அப்போதே முதலாளிக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரம் தவணை கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமோ என்னவோ, கேட்டிருக்கலாம். சொல்லவில்லை. சூடு ஏறினால் ரப்பர் தானாகச் சரியாகிவிடும், லேசான தட்டை அப்படிச் சரியாவது உண்டு என்று எனக்கு நானே சொன்னேன். இருப்பதில் நல்ல உருளைகளைப் பொறுக்கி எடுத்து நாலு மெசினில் மாட்டினேன். நல்லது என்பது பேச்சுக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மனைவி போன் செய்தாள். செய்தி அவளுக்கு அதற்குள் போயிருந்தது. குரலே வேறாக இருந்தது, கல்யாணமான புதிதில் இருந்த குரல்.

"நிசமாத்தான் தொறக்காகளா?"

"திங்கக்கெழம ஓட்டுதோம்."

"இங்க சூப்பர்வைசரு கேட்டாக. இப்பம் நின்னுட்டா பொறவு வந்து கேக்கக் கூடாதாம். வேற ஆளப் போட்டுருவாகளாம். என்ன சொல்லட்டும்?"

என் கட்டை விரலில் அந்தத் தட்டை இன்னும் இருந்தது.

"நீங்க சொன்னா நாளைக்கே கெளம்பி வாரேன். நிச்சயந்தான? யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

யோசித்தேன். நான் யோசித்தது மெசினைப் பற்றி இல்லை. ஆறு மாதமாக நான் ஒருவனாகத் தின்ற சோற்றைப் பற்றி, செருப்பு விடுகிற இடத்தைப் பற்றி. எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

"வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இரண்டு பை. கோயிலிலிருந்து நான் திரும்பும்போது வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. சட்டி பானை எல்லாம் புளி போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். "எறும்பு உங்களத் தூக்கிட்டுப் போகாம விட்டுச்சே" என்றாள். சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டார்.

திங்கட்கிழமை முப்பது பேர் வந்தார்கள். எல்லாரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தார்கள். கைராசிக்காரி தலையில் பூ வைத்திருந்தாள். "இந்தத் தடவ எறக்குறதுக்கே வேல இல்ல பாருங்கண்ணே, எறங்கியே இருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள்.

மெசின் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்பது மாதம். வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்று பார்த்தார். பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு இழை அறுந்தது. கைராசிக்காரி கோர்த்தாள். அறுந்தது. அடுத்த பக்கத்திலும் அறுந்தது. பெண்கள் ஓடி ஓடிக் கோர்த்தார்கள். நாலு மெசினிலும் வெள்ளை வெள்ளையாக இழை அறுந்து பறந்தது. சூடு ஏறும், சரியாகும் என்று ஒரு மணி நேரம் நின்றேன். இரண்டு மணி நேரம் நின்றேன்.

கைராசிக்காரி தன் மெசினை நிறுத்திவிட்டு, ஓர் ஆர்மைத் தூக்கி உருளையைத் தடவிப் பார்த்தாள். அவள் கைக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. இந்த ஓட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டிருந்த புது மாஸ்டர் அதே நேரம் அங்கே வந்து, "என்னம்மா, எதனால இப்படி அறுக்குது?" என்று கேட்டார்.

"பஞ்சு சரியில்ல சார். நாள்பட்ட பஞ்சு" என்றாள். ஆர்மை இறக்கிவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினாள்.

புதன்கிழமை நூலை எடுத்துப் போனார்கள். வியாழக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூடச் சொல்லவில்லை; அவர்களுக்கு நூல் தர ஆயிரம் மில். அன்று மத்தியானமே முதலாளி கேட்டில் வந்து நின்று, இனி தன்னால் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் கத்தவில்லை. அவரவர் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது சிலர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பது மாதம் மெசினைக் காத்தவன் அல்லவா நான்.

வீட்டில் வந்து "பஞ்சு சரியில்லையாம்" என்றேன். கடன் வாங்கிய பொய். என் மனைவி நம்பினாள். சனிக்கிழமை மறுபடியும் பஸ் ஏறினாள். பழைய வேலை போய்விட்டது. அக்கா கெஞ்சிக் கேட்டதில், அதே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் போட்டார்கள். சம்பளம் குறைவு. கை முழுக்கச் சலவைச் சோடாத் தண்ணீரில் வெந்துவிட்டது என்று அக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவள் சொல்லவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கைராசிக்காரியைப் பார்த்தேன். வீட்டில் தையல் மெசின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எதுக்கும்மா அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வேற என்னத்தண்ணே சொல்ல? நாங்களுந்தான வந்து வந்து கேட்டோம்" என்றாள். டீ போட எழுந்தாள். மகள் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னாள். டீயை நான் குடித்து முடிக்கவில்லை. அந்தத் தெருவுக்கு அப்புறம் போகவில்லை. என்னை மன்னிக்கிறவர்கள் எதிரில் உட்கார எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை விழுந்ததைச் சொன்னபோது, "நானும் வாராவாரம் கேட்டேன்லா. உங்கள மட்டும் சொல்லி என்ன" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். முதலாளி போன் செய்த வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அங்கே ஏதோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது.

"நான் வெள்ளிக்கெழமதான கேட்டேன்" என்றாள்.

"ஆமா."

"யோசிச்சுச் சொல்லுங்கன்னேன்."

"ஆமாட்டி."

"சரி, வைக்கேன். கூப்பிடுதாக" என்று வைத்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

மில்லைப் பிரித்து விற்றார்கள். நான் இப்போது ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கிற கடையில் இருக்கிறேன். அவள் போன் செய்கிறாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். அடுத்த பொங்கலுக்கும் கிடைக்கவில்லை. போன மாதம், ரேஷன் கார்டில் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அக்கா கார்டில் சேர்த்தால் அரிசி கூடக் கிடைக்குமாம். இங்கே எடுத்தால்தான் அங்கே சேர்ப்பார்களாம். நியாயம்தான். நான் அரிசி வாங்குவதே இல்லை.

இ-சேவை மையத்தில் கூட்டம் இருந்தது. என் முறை வந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்தாள். அதில் இரண்டே பெயர்.

"இவங்க பேரையா எடுக்கணும்? என்ன காரணம் போடட்டும் சார்?"

"வேல இல்லம்மா. மில்லு மூடிட்டாக" என்றேன்.

"அப்படிப் போட இதுல எடம் இல்ல சார். எறந்துட்டாங்களா, கல்யாணமாகிப் போய்ட்டாங்களா, இல்ல ஒங்கள விட்டுத் தனியாப் போய்ட்டாங்களா? இதுல ஒண்ணு சொல்லுங்க."

பின்னால் நின்றவர் சீக்கிரம் என்றார்.

"கடைசியாச் சொன்னியேம்மா, அதப் போடு" என்றேன்.